பழைய கொழும்பு ஸ்டேஷனைத் திறந்துவிடுங்கள்: புகையிரதத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளர் அவர்களுக்கும், போக்குவரத்து அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கோட்டைக்கும் மருதானைக்கும் நடுவில் உங்கள் வளவுக்குள் நிற்கும் பழைய கொழும்பு முனைய நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். 1865 இல் அம்பேபுஸ்ஸவுக்கு நாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது கொழும்பின் பெரிய ஸ்டேஷன் அதுதான். மருதானை நிலையம் வந்த பிறகு அங்கே பயணிகள் வரத்து நின்றது. பிறகு 2009 இல் திணைக்களமே அதைச் சீர்செய்து புகையிரத நூதனசாலையாகத் திறந்தது. 2014 டிசம்பர் 27 அன்று, 1864 இல் நாட்டின் முதல் ரயில் ஓடியதன் 150 ஆண்டு நிறைவையொட்டி, நூதனசாலை கடுகண்ணாவைக்குப் போயிற்று. பெரிய எஞ்சின்களை நிறுத்திவைக்கக் கடுகண்ணாவை நல்ல இடம்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கொழும்புக் கட்டடத்தில் ஓர் அறையையாவது, மாதத்தில் ஓரிரு சனிக்கிழமைகளிலாவது, தொண்டர்களின் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அங்கே என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். மூடப்பட்ட ஒடுங்கிய பாதைகளின் கதையைச் சேர்த்து வைப்போம்.

களனிவெளிப் பாதை இப்போதும் ஓடுகிறது என்பதால், அது எதை இழந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1902 இல் அவிசாவளைக்கும், அடுத்த ஆண்டு யட்டியாந்தோட்டைக்கும், 1912 இல் இரத்தினபுரிக்கும், கடைசியாக ஓப்பநாயக்கவுக்கும் போன பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான். தேயிலையும் இறப்பரும் அதில்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. யட்டியாந்தோட்டைக் கிளையின் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றினார்கள். அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரையான பகுதி 1976 இல் மூடப்பட்டது. மிச்சப் பாதையும் 1990களில் அகலப் பாதையாக மாறிவிட்டது. நுகேகொடையிலும் மகரகமையிலும் காலையில் அலுவலக ரயிலுக்கு நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன உடப்புசல்லாவைப் பாதை அதைவிட வேகமாக மறக்கப்பட்டது. 1903 இல் நுவரெலியா வரையும், மறு ஆண்டு இராகலை வரையும் திறந்தார்கள். 1940களில் மூடிவிட்டார்கள். இன்று நாட்டின் மிக உயரமான ஸ்டேஷன் எது என்று கேட்டால் எல்லோரும் பட்டிப்பொளை என்பார்கள். அந்தக் காலத்தில் கந்தப்பளை அதற்கும் மேலே இருந்தது. அந்தக் கோச்சிக்கு ஏற்றுவதற்குத் தேயிலைப் பெட்டி சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் மலையக மக்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலை செய்கிறார்கள். தாத்தா சொன்ன கதை என்று அவர்களிடம் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கிறது. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். ஓப்பநாயக்கப் பாதையில் வேலை செய்தவர்களுக்கும் எழுபதுக்கு மேல். இந்தக் கணக்குத்தான் என்னை உங்களுக்கு எழுத வைத்தது. கட்டடம் இன்னும் ஐம்பது வருடம் நிற்கும். அந்த மனிதர்கள் நிற்க மாட்டார்கள்.

எங்களில் சிலர் சேர்ந்து கதைத்து வருகிறோம். பென்சன் எடுத்த கார்ட், கந்தோரில் வேலை செய்த அம்மா ஒருவர், எஞ்சின்களைப் படம் பிடித்துத் திரியும் இளம் பிள்ளைகள், ஓய்வு பெற்ற நிலைய அதிபர் ஐயா ஒருவர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருக்கிறோம். மருதானையில் ஒரு தேநீர்க் கடையில் அந்த ஐயா மேசையில் விரல் மடக்கித் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு மூன்று. அடுத்த ஸ்டேஷனிடம் ரயிலை அனுப்பலாமா என்று மணியில் கேட்கும் முறை அப்படித்தான் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் மணி வந்தால்தான் ஸ்டேஷனில் உள்ள கருவி, ரயில் போவதற்கான அனுமதித் தகடாகிய டப்லட்டை வெளியே விடுமாம். ஸ்டேஷன்களின் பெயர் பொறித்த அந்த வட்டத் தகட்டைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடுகிற எஞ்சினுக்கு நீட்டுவார்கள். டிரைவர் கையை வளையத்துக்குள் விட்டு இழுத்துக்கொள்வார். ஒரு டப்லட் ஒரு ரயிலுக்கு என்பதால் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வர வழியில்லை. கருவியை எந்த நூதனசாலையும் கண்ணாடிக்குள் வைக்கலாம். அந்த மணிச் சைகையை யார் தட்டிக் காட்டுவது?

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட வேண்டாம். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் லின்டன் – பார்ன்ஸ்டபிள் என்று ஒரு ஒடுங்கிய பாதை இருந்தது. நம்முடையதைவிடவும் ஒடுக்கம், இரண்டடிக்கும் சற்றுக் குறைவு. 1898 இல் திறந்து 1935 இல் மூடினார்கள். எஞ்சின்களில் ஒன்றைத் தவிர மற்றவை உடைக்கப்பட்டன. ஆர்வலர்கள் 1995 இல் வூடி பே என்ற பழைய ஸ்டேஷனை வாங்கித் திருத்தினார்கள். 2004 இல் அங்கிருந்து சிறிது தூரத்துக்கு மறுபடி ரயில் ஓடியது. தொண்டர்களே ரயில்பாதையை நடத்தும் வழக்கம் 1951 இல் வேல்ஸ் நாட்டின் டலிலின் பாதையில் தொடங்கியது. நாங்கள் உங்களிடம் ரயில் ஓட்டக் கேட்கவில்லை. ஒரு மேசை, சில அலுமாரிகள், ஒலிப்பதிவு செய்ய அமைதியான ஓர் அறை, இவ்வளவுதான்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். பக்கத்திலேயே ரயில்கள் ஓடுகின்றன. வளவுக்குள் யாரும் போய்வர முடியாது. ஆகவே பெயர்ப் பட்டியல் தருகிறோம். உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் உடனிருக்கட்டும், அடையாள அட்டை இல்லாதவர் வாசலைத் தாண்டவேண்டாம். பொருட்கள் எல்லாம் திணைக்களத்தின் சொத்தாகவே இருக்கட்டும், பதிவேட்டை நாங்கள் எழுதுகிறோம். வீடுகளில் கிடக்கும் அட்டை டிக்கெட், கார்ட் விளக்கு, பழைய நேர அட்டவணை, குடும்பப் புகைப்படம் இவற்றையெல்லாம் கொண்டுவந்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். எங்கே கொடுப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது இவை குப்பை லொறியில் போய்விடுகின்றன. போன ஆண்டு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அப்படித்தான் போயிற்று. அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் தன் ஆயுளைக் கழித்தவர்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அங்கே எழுதிவைக்கும் ஒவ்வொரு குறிப்பும் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும், தமிழ் பிழையில்லாமல் இருக்க வேண்டும். நாட்டின் ஸ்டேஷன் பலகைகளில் மூன்று மொழியும் இருக்கும்போது, அதன் வரலாற்றில் மட்டும் ஒரு மொழி விடுபடக் கூடாது. இராகலைப் பாதையைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் பெரும்பாலும் தமிழில்தான் வரும். அவற்றை எழுத்தாக்கி மொழிபெயர்க்கும் வேலையை நாங்கள் சம்பளமில்லாமல் செய்கிறோம்.

ஓர் அதிகாரியை நியமித்து எங்களை ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். நிலைய அதிபர் ஐயாவும் வருவார். அவருக்கு மாடிப்படி ஏற முடியாது, ஆகவே சந்திப்பைக் கீழ்த்தளத்தில் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு ரயில் பயணி