வடையில் பதிந்த எழுத்துகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் நேற்றும் சூடான பருப்பு வடையைப் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தித்தான் எண்ணெய் எடுத்தார்கள். தாளைப் பிரித்தால், ஏதோ விளம்பரத்தின் எழுத்துகள் இடம் வலம் மாறி வடையில் பதிந்திருந்தன. அதை என் மகள் கையில் வாங்கியபோது மனசு கேட்கவில்லை.

செய்தித்தாளில் உணவைப் பொதியக்கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகளே சொல்கின்றன. சரி, இது பலருக்கும் தெரியும். நாம் அதிகம் பேசாதது அட்டைப் பெட்டியைப் பற்றி. பழைய நாளிதழும் கடை ரசீதும் கூழாகித்தான் அந்தச் சாம்பல் நிற அட்டை வருகிறது. அச்சு மையிலுள்ள கனிம எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) கூழாக்கும்போது முழுதாகப் போவதில்லை. பிறகு அது மெல்ல ஆவியாகி, தொடாமலேயே, உள்ளே இருக்கும் அரிசியிலும் ரவையிலும் ஏறிவிடும். மெல்லிய பாலித்தீன் உறைகூட அதைத் தடுக்காது. அலுமினியத் தாள் தடுக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநில உணவு ஆய்வகம் இதை எடுத்துச் சொல்லிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மறுசுழற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. மையைத்தான் மாற்ற வேண்டும். பிரான்ஸ் 2022 முதல் பொட்டல அச்சில் கனிம எண்ணெய்க்குத் தடை கொண்டுவந்துவிட்டது. நம் அரசும் அதைச் செய்யட்டும். உங்கள் நாளிதழும் எந்த மையில் அச்சாகிறது என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். அதுவரை டீக்கடைகளுக்கு வாழை இலைத் துண்டு போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை