பதினைந்து கேட்டாய், மூன்று வருகிறது

ஊத்துக்குளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஐப்பசி மழை இந்த வருஷம் பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி விடவில்லை, ஆனாலும் எருமையை விற்கலாம் என்றால் பேச்சையே எடுக்க விடமாட்டேன் என்கிறாள். நான் அதே பனியன் கம்பெனியில் அதே கட்டிங் டேபிளில்தான் நிற்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சின டீ-சர்ட் பதினைந்து எடுத்து, உன் மகள், என் மருமகளுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாய். அதே கடிதத்தில், வீட்டுக்குப் பார்சல் வந்துகொண்டே இருக்கிறது, பீரோ கதவு மூடவில்லை, ஆனாலும் காலையில் போட ஒன்றுமில்லை என்கிறாள் என்று வருத்தப்பட்டும் எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு மூன்று மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

துணி வாங்குவதைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லோரும் மனசைக் கட்டுப்படுத்தச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணியைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கடையில் தொங்குவதில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துபோகும். பார்க்கக் கற்றுக்கொடுத்தால் மருமகள் நீ சொல்லாமலே குறைத்துவிடுவாள்.

ஒரு டீ-சர்ட்டை எடுத்து மேஜை மேல் விரிக்கச் சொல். அக்குளிலிருந்து இறங்கும் பக்கத் தையல் கீழ் மடிப்பு வரை நேராக வர வேண்டும். கீழே வரும்போது வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் அந்தத் துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது, துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும். இது எங்கள் டேபிளில் நடக்கிற வேலை என்பதால் ஒரு காரணம் தெரியும். பின்னல் துணி ரோலில் சுற்றி வரும்போது இழுபட்டு வரும். பிரித்து ஒரு ராத்திரியாவது சும்மா போட்டு வைத்தால் இழுவை அடங்கித் தன் அளவுக்கு வந்துவிடும். அதற்கப்புறம்தான் வெட்ட வேண்டும். நாளை மறுநாள் கண்டெய்னர் ஏற வேண்டும் என்று தலைக்கு மேல் ஆள் நிற்கும்போது அந்த ஒரு ராத்திரிதான் முதலில் போகும். சட்டை தைத்து, மடித்து, கவரில் போட்டால் பார்க்க நன்றாகவே இருக்கும். வாங்கினவர் வீட்டில் முதல் துவைப்பிலேயே நீளம் குறைந்து அகலம் போட்டுவிடும்.

அப்புறம் கனம். ஜி.எஸ்.எம். என்போம், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. தினசரி போட 160-லிருந்து 180 வரை இருந்தால் நின்று உழைக்கும். கடையில் தராசு தேட வேண்டாம். உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்தால், விரல் இடுக்கு தெளிவாகத் தெரிகிற துணி வேண்டாம். நூல் கோம்ப்டு நூலா என்று கேட்கலாம். குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட நூல் அது, அதனால் சீக்கிரம் உருண்டை கட்டாது. கழுத்தைச் சுற்றி வரும் ரிப் பட்டியை இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். கீழ் மடிப்பை இரண்டு கையால் இழுக்கும்போது நூல் படக்கென்று அறுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். நான் அனுப்புகிற மூன்றையும் இப்படித்தான் பார்த்தேன். காதர்பேட்டையில் மலிவு என்பதற்காக மூட்டையாக அள்ளினால் மூட்டையாகத்தான் பீரோவில் கிடக்கும்.

நொய்யலைப் பற்றியும் அவளுக்குச் சொல். நாம் பள்ளிக்கூடம் விட்டு ஆற்றுக்கு ஓடின காலம் வேறு. 1992-ல் அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டியது பாசனத்துக்காக. ஆனால் திருப்பூர் சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணீரும் உப்பும் தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சுகிற நிலைமை வந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த மாதங்களில் திருப்பூர் எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும், ஆள் ஆளாக ஊருக்கு பஸ் ஏறினார்கள். இப்போது தண்ணீரைச் சுத்திகரித்து, காய்ச்சி, உப்பைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பெரிய மாற்றம்தான். ஆனால் அதற்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு விறகு! பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். மருமகளுக்குப் பிடித்த அந்தக் கருப்புக்குத்தான் அதிகம். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாங்கினால் வெளுத்து ஓய்கிற வரை போடட்டும்.

நீ உடனே கேட்பாய், எல்லோரும் இப்படிக் குறைத்தால் உன் பிழைப்பு என்னாகும் என்று. ராத்திரி படுத்துக்கொண்டு நானும் இதை யோசித்திருக்கிறேன். ஆர்டர் இல்லாத மாதம் எங்கள் டெய்லர் பெண்களின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கிட்டே இருந்து பார்ப்பவன் நான், சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் மலிவுச் சட்டை ஓடுகிற காலத்திலும் அவர்களுக்கு மிஞ்சுவது என்ன? ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து, பீஸ் ரேட்டில் பைசாவுக்குப் பேரம் பேசி, முதுகுவலியோடு போகிறார்கள். விலையைக் குறைக்கும்போதெல்லாம் கை வைப்பது நூலிலும் தையல் கூலியிலும்தான். நல்ல துணியில், நிதானமாகத் தைத்த சட்டைக்கு நியாயமான விலை கொடுக்க ஆள் இருந்தால், எண்ணிக்கை குறைந்தாலும் இந்த ஊர் பிழைக்கும் என்றுதான் நம்புகிறேன்.

மருமகளைத் திட்டாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் காலி செய்து, அடிக்கடி போடுகிற ஏழெட்டு உருப்படியை மட்டும் அவளையே தனியாக எடுத்து வைக்கச் சொல். அவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று பார்க்கட்டும். காட்டனா, தொளதொளப்பா, எந்த நிறம், கை நீளம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்து வாங்கப் போகும்போது அந்தத் தாளே போதும். மீதியில் இடுப்பு பிடிக்காதது, நீளம் அதிகமானது எல்லாம் தெருமுனை டெய்லரிடம் போகட்டும். ஆல்டர் செய்தால் அதில் நாலைந்து புதுசு மாதிரி திரும்பி வரும்.

நம் அம்மாக்கள் இதையெல்லாம் பெயர் வைக்காமலே செய்தார்கள். வளர்கிற பையன், உள்ளே துணி விட்டுத் தையுங்க என்று டெய்லரிடம் சொல்லுவார்கள். மடிப்பைப் பிரித்துப் பிரித்து ஒரு கால்சட்டையை மூன்று தீபாவளிக்கு ஓட்டினோம். பழைய சேலை குழந்தைக்குத் தொட்டில் தூரியானது, அப்புறம் தலையணை உறையானது, கடைசியில் கரித்துணியானது. பாலியெஸ்டர் துணியில் அந்தக் கடைசி வேலைகூட நடக்காது. தரையில் கொட்டின தண்ணீரை அது உறிஞ்சாது, தள்ளிக்கொண்டுதான் போகும். துடைத்துப் பார், தெரியும்.

உன் தங்கச்சி பொங்கலுக்கு ஒரே ஒரு கைத்தறிச் சேலைதான் எடுப்பாள், சென்னிமலை சொசைட்டி கடையில். எடுக்க அரைநாள் ஆகும். முந்தானை, ஓரம், சாயம் கைக்கு ஒட்டுகிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்லுவாள். முன்பெல்லாம் வெளியே நின்று அவசரப்படுத்துவேன், இப்போது நானும் உள்ளே போய்ச் சேர்ந்து பார்க்கிறேன்.

மூன்று டீ-சர்ட்டும் உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கட்டும், நிழலில் காயட்டும். ஹேங்கரில் மாட்ட வேண்டாம், பின்னல் துணி தோளில் தொங்கிவிடும், மடித்து வைத்தால் போதும். அளவு சரியில்லையென்றால் அவளுக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றின் மார்பு, தோள், நீளம் மூன்றையும் எழுதி அனுப்பு.

மாமாவைக் கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல். தைப்பூசத்துக்குச் சென்னிமலைத் தேர் பார்க்கக் குடும்பத்தோடு வா, முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடு. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்