ரோட்டோடைன் பறக்கத் தெரியாமல் நிற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெலிகாப்டர் போல நின்றெழும்பி விமானம் போல விரையும் ஊர்திகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் பழைய முயற்சிகளை எல்லாம் 'அன்றைய தொழில்நுட்பம் போதவில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். பிரிட்டனின் ஃபேரி நிறுவனம் செய்த அப்படியொரு ஊர்தியான ரோட்டோடைன் அந்த வரிக்குள் அடங்காது.

1957 நவம்பர் 6 அன்று முதன்முதலில் பறந்தது அது. உச்சியில் ஹெலிகாப்டருக்கு இருப்பது போன்ற பெரிய சுழல்விசிறி (ரோட்டர்), பக்கங்களில் குட்டை இறக்கைகள், அவற்றில் ஆளுக்கொரு புரொப்பெல்லர் எஞ்சின். மேலெழும்போது, அழுத்தப்பட்ட காற்று ரோட்டரின் அலகுகளுக்குள்ளேயே, அதாவது விசிறி இலைகளுக்குள்ளேயே, ஓடி நுனிக்குப் போகும். அங்கே எரிபொருளோடு கலந்து எரிந்து பீறிடும். நுனியிலிருந்தே தள்ளுவதால் உடற்பகுதி எதிர்த்திசையில் திரும்பாது, வால் ரோட்டரும் தேவையில்லை. வேகம் பிடித்ததும் நுனி நெருப்பை அணைத்துவிடுவார்கள். பிறகு ரோட்டர் எதிர்க்காற்றில் சும்மா சுழலும். எடையில் ஏறத்தாழ பாதியை இறக்கைகள் வாங்கிக்கொள்ளும். சாதாரண ஹெலிகாப்டரில் வேகம் கூடக்கூட, பின்னோக்கி வரும் அலகுக்குக் காற்று போதாமல் தூக்குவிசை குறையும். ரோட்டரின் சுமையைக் குறைத்து அதற்கு வழி கண்டார்கள். 1959 ஜனவரியில் 100 கி.மீ. சுற்றில் மணிக்கு 307 கி.மீ. என்று சாதனையும் படைத்தது. இதையா போதாத தொழில்நுட்பம் என்பது?

அதைக் கவிழ்த்தது இரைச்சலும் ஆர்டரும். நகர நடுவில் இறங்கத்தான் அது பிறந்தது. அந்த நகர நடுவில்தான் நுனி ஜெட்டுகளின் அலறல் செல்லாது. சத்தத்தைக் குறைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1960-ல் ஃபேரியின் விமானப் பிரிவு வெஸ்ட்லேண்ட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போனது. உறுதியான ஆர்டர் வரவில்லை. 1962-ல் திட்டத்தை மூடினார்கள். இருந்த ஒரே விமானத்தையும் உடைத்தார்கள். மிச்சத் துண்டுகள் இங்கிலாந்தின் வெஸ்டன்-சூப்பர்-மேர் ஹெலிகாப்டர் அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன.

எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் ஆஸ்ப்ரே, ரோட்டர்களையே முன்னோக்கிச் சாய்த்து விமானம் போல விரையும் ராணுவ ஊர்தி. 1989-ல் பறந்தது, 2007-ல்தான் போர்ப்பணிக்குப் போனது. நடுவே 2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில் விழுந்து 19 பேர் இறந்தார்கள். அப்படியும் பிழைத்தது, ராணுவம் பணத்தைக் கொட்டிக் காத்திருந்ததால். ரோட்டோடைனுக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை.

2024-ல் முதலில் பறந்த ஏர்பஸ் ரேசர் என்ற அதிவேக ஹெலிகாப்டருக்குத் தனிப் பெட்டிச்செய்தி போட்டிருக்கிறீர்கள். அதில் வேகம் இருக்கிறது, சத்தம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்த முறை எழுதும்போது அதையும் கேட்டுப் போடுங்கள்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கோவில்பட்டி