உன் பங்கு

கண்ணு,

பொங்கலுக்கு வந்துபோனதோடு சரி, அப்புறம் உன் குரலே கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. எதிர்வீட்டுப் பையன் வடபழனியில் உன் ஸ்டூடியோ பக்கம் போனானாம், ஷட்டர் இறங்கியிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருக்கும்.

ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலில் தவில் கேட்டேன். முடிக்கும்போது தீர்மானம் என்று ஒரே தாளக் கோர்வையை மூன்று தடவை வாசிப்பார்கள் இல்லையா? முதல் தடவை சும்மா கேட்டேன். இரண்டாம் தடவை, 'அட, அதேதான்' என்றிருந்தது. மூன்றாவது தொடங்கும்போதே அது எங்கே வந்து விழும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. சரியாக இடத்தில் விழுந்ததும் எனக்கும் பக்கத்திலிருந்த பூக்காரம்மாவுக்கும் ஒரே நேரத்தில் தலை ஆடியது. அந்த அம்மாவுக்குத் தாளக் கணக்கெல்லாம் தெரியாது.

அப்போது நீ சொன்ன 'ஹூக்', கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் துண்டு மெட்டு, ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வந்தபோது உன் போனில் நீ போட்டுக் காட்டிய எட்டு செகண்டைக் கேட்டு, 'பல்லவி எங்கே, சரணம் எங்கே, இதெல்லாம் ஒரு பாட்டா' என்றேன். நீ சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அதற்காக ஒரு போன்கூடவா பண்ணக் கூடாது? செவ்வாய்பேட்டைக் கடைக்காரர்களிடமெல்லாம் உன்னைப் பற்றித்தான் பெருமையடிக்கிறேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ போய் வெறும் வளைவுதான் நிற்கிறது. அங்கே தாத்தா பிடித்துக்கொண்டு வந்த ஒரே ஒரு வரி மெட்டு, கடைசிவரை அவர் வாயிலேயே கிடந்தது. இது தெரிந்தும் அப்படிக் கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ போனபின் உன் எட்டு செகண்டு என்னை விடவில்லை. பட்டறையில் வெள்ளிக் கொலுசுக்கு முத்து கோக்கும்போதும் அதுதான் வாயில். எப்போதும் சீராகக் கோப்பவன், அன்று இரண்டு முத்து நெருக்கமாக, ஒரு கண்ணி காலி, அப்புறம் ஒன்று என்று கோத்துவிட்டேன். நடந்தால் அந்தத் தாளம் கேட்காது, கண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் தட்டில் பத்து ஜோடி வைத்தால் பெண்கள் கை முதலில் அதற்குத்தான் போகிறதாம். இரண்டு கிலோவுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. யாருடைய டிசைன் என்று வியாபாரி கேட்டார். என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

கூலியில் பாதியை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அது உன் பங்கு, திருப்பி அனுப்பாதே. அடுத்த மாதமும் வரும். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா