வெளிச்சுவருக்கு சிமெண்ட் போர்ட் அடிச்சா வீட்டு விலை ஏறுமா? நம்மட வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார், அக்காமார், நானாமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சுத்தி வளைக்காம சொல்றன். ரெண்டு கிழமையா ஒரு வொய்ஸ் மெசேஜ் குரூப் குரூப்பா ஓடிட்டு இரிக்கு, உங்களுக்கும் வந்திரிக்கும், எனக்கே ஏழு பேர் அனுப்பிட்டாங்க, அதுல ரெண்டு பேர் என்ட சொந்தக்காரர். "கல்லடியில கடை வச்சிருக்கிறவன், வெளிச்சுவருக்கு போர்ட் அடிச்சா போட்ட சல்லி ரெட்டிப்பா வரும் எண்டு சொல்லி தலையில மிளகாய் அரைச்சுப்போட்டான்" எண்டு. கடைப் பேர் சொல்லல்ல, சரி, ஆனா மட்டக்களப்புல கல்லடிப் பாலத்துக்கு இங்கால இந்த வேலை செய்யிற கடை எத்தனை இரிக்கு?

நான் அப்பிடிச் சொல்லல்ல. விலை கூட எண்டு ஏசுங்க, பொடியன்மார் பிந்தி வாறாங்க எண்டு ஏசுங்க, கேட்டுக்கொண்டு இரிப்பன், ஏமாத்தினவன் எண்டு சொன்னாத்தான் இரவைக்கு நித்திரை வருதில்ல.

நடந்தது என்னெண்டா அந்த வொய்ஸ் போட்ட அண்ணன் போன வருஷம் கடைக்கு வரக்குள்ளயே போன்ல ஒரு வீடியோவோடதான் வந்தவர், கனடாவில இரிக்கிற மச்சான் அனுப்பினதாம், அங்க ஒரு வீட்டுக்கு வெளிப்பக்கம் சைடிங், அதாவது சுவர மூடி அடிக்கிற பலகை, மாத்தினதும் விலை எங்கயோ போயிட்டு எண்டு. எனக்கும் அதே மாதிரி ஃபைபர் சிமெண்ட் போர்ட் அடிச்சுத் தாங்க தம்பி எண்டார், சிமெண்டும் நாரும் கலந்து செய்யிற பலகைதான் அது. அடிச்சுக் குடுத்தம், வீடும் பார்க்க வடிவாத்தான் இரிந்தது. இந்த வருஷம் விக்கப் போனா, வாங்க வந்தவர் லோன் எடுக்கிற பேங்க்ல இருந்து மதிப்பீடு செய்ய வந்த ஆள் போர்ட்டுக்கெண்டு தனியா ஒரு சதமும் எழுதல்லையாம். அந்தக் கோபம் எனக்கு வெளங்குது, ஆனா அதுக்கு நான் என்ன செய்ய?

இதக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லத்தான் வேணும். அமெரிக்கா, கனடா பக்கம் கனக்க வீடு மரச் சட்டத்துல கட்டினது. சைடிங்தான் அந்த வீட்டுக்குத் தோல், அது உக்கி வெடிச்சா தண்ணி உள்ளுக்குப் போய் சட்டம் பழுதாகும், வாங்குறவர் கூட்டிட்டு வாற இன்ஸ்பெக்டர் அத எழுதுவார், விலை விழும். அதாலதான் அங்க சைடிங் மாத்துறது பெரிய விஷயம். அங்கயே போட்ட காசு முழுக்க வாறதில்ல பாருங்க. திருத்த வேலைக்குப் போடுற காசுல எவ்வளவு விக்கக்குள்ள திரும்ப வருது எண்டு அமெரிக்காவில வருஷா வருஷம் ஒரு அறிக்கை போடுறாங்க, 2024ல ஃபைபர் சிமெண்ட் சைடிங்குக்கு நூறு டொலர் போட்டா சராசரியா 88 டொலர் அளவு, வைனில் எண்ட பிளாஸ்டிக் சைடிங் எண்டா 80 அளவு. நூறுக்கு 153 எண்டு வந்தது வேற வேலை, வீட்டு முன்பக்கத்துல கீழ்ப்பகுதிக்கு மட்டும் செயற்கைக் கல்லு ஒட்டுறது. மச்சான்ட வீடியோவ நான் திருப்பிப் பார்த்தன், அதுல இரிக்கிறதும் கல்லுதான்! இத நான் அண்டைக்கே பார்த்திரிக்கலாம், கடையில ஆக்கள் நிண்டதால முழுக்கப் பார்க்கல்ல.

நம்மட வீடு செங்கல்லு, இல்லாட்டி சிமெண்ட் கல்லு. நமக்குத் தோல் எண்டா பூச்சும் பெயின்டும்தான். இங்க மதிப்பீட்டுக்கு வாறவர் முதல்ல காணி எத்தனை பேர்ச், ரோட்டுக்கு எவ்வளவு கிட்ட, உறுதியும் பிளானும் சரியா எண்டு பார்ப்பார், அதுக்குப் பிறகுதான் கட்டடம், அதுவும் இத்தனை சதுர அடி, இத்தனை வயசு, என்ன நிலைமை எண்டு. போர்ட் அடிச்சிரிக்கு, டைல் ஒட்டியிரிக்கு எண்டெல்லாம் தனித்தனியாக் கூட்டிக்கொண்டு இரிக்க மாட்டார், எல்லாம் அந்த "நிலைமை" எண்ட ஒரு சொல்லுக்குள்ள அடங்கிரும்.

அப்ப வெளிச்சுவருக்குச் செலவழிக்கிறது வீணா? இல்ல. நாவற்குடா, கல்லடி, பாசிக்குடா எண்டு கடலுக்குக் கிட்ட இரிக்கிறவங்களுக்குத் தெரியும், வாடைக் காத்துல உப்பு ஏறி ரெண்டு மாரி தாண்டக்குள்ள பூச்சு பொருமும், கொங்கிரீட்டுக்குள்ள கம்பி கறள் பிடிச்சு ஊதி வெடிக்கும். வீடு பார்க்க வாறவன் முதல்ல விரல மடக்கி சுவரத் தட்டிப் பார்ப்பான், பொத்துப் பொத்தெண்டு சத்தம் வந்தா அவ்வளவுதான், திருத்த ஒரு லட்சம் முடியும் எண்டா மூண்டு லட்சம் குறைச்சுக் கேப்பான். அந்த மூண்டு லட்சத்தத்தான் நம்மட வேலை காப்பாத்தும். விலைய ஏத்தித் தரும் எண்டு நான் எங்கயும் சொல்லல்ல. கடை வாசல்ல தொங்கின பெனர்ல "வீட்டின் பெறுமதி இரட்டிப்பாகும்" எண்டு ஒரு வரி இரிந்தது உண்மைதான், அது டிசைன் பண்ணின பொடியன் போட்டது, இப்ப கழட்டிட்டம்.

விக்கிற யோசினை இரிக்கிறவங்க சல்லிய போர்ட்ல கொட்ட வேணாம். பொருமின பூச்ச உடைச்சுப் பூசி, கூரைத் தண்ணி சுவர்ல வழியாம பீலி போட்டு, பிரைமரோட நல்ல பெயின்ட் அடிச்சாப் போதும். புதுப் பூச்சு 28 நாள் காய வேணும், கலியாணம் எண்டும் பெருநாள் எண்டும் பத்தாம் நாளே பெயின்ட் அடிக்கச் சொல்லி நிக்கிறீங்க, பிறகு உரியக்குள்ள என்னத்தான் தேடி வாறீங்க. உப்புப் பூத்த சுவர மறைக்க அதுக்கு மேல போர்ட் அடிக்கச் சொன்னாலும் நான் மாட்டன், ஈரம் உள்ளுக்க நிண்டு சுவரத் திண்டிரும். போர்ட் எண்டா பின்னால காத்துப் போக இடைவெளி விட வேணும், ஸ்டெய்ன்லெஸ் ஸ்குரூதான் போட வேணும், அதாலதான் எங்கட விலை மத்த இடத்த விட கொஞ்சம் கூட.

விலை எண்டதும்தான் நினைவு வருது. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போன நேரம் ஏறின சாமான் விலை பழைய இடத்துக்கு வரவேயில்ல, 2024 ஜனவரியில இருந்து வட் வரி 18 வீதம், நம்மட நாலு மேசன்மார்ல ரெண்டு பேர் கட்டாருக்கு, ஒராள் ருமேனியாவுக்குப் போயிட்டாங்க, பிழை சொல்ல ஏலாது, அவங்களுக்கும் பிள்ளை குட்டி இரிக்கு. அதால அடுத்த மாசம் 1ம் திகதியில இருந்து கூலி சதுர அடிக்கு 40 ரூபா கூடும், கடலோர வீடுகளுக்கு வொரன்டி இனி 5 வருஷம் இல்ல, 2 வருஷம்தான், மத்ததெல்லாம் பழைய மாதிரியேதான்.

சுனாமிக்குப் பிறகு 2006ல ஒரு சின்ன பெயின்ட் கடையாத் தொடங்கினது இது. அண்டைக்கு ரெண்டு டின் பெயின்ட் வாங்கினவங்கட பிள்ளைகள் இண்டைக்கு வீடு கட்டி நம்மட்டயே வாறாங்க. அந்த வொய்ஸ் வந்த அண்டு பின்னேரம் ஆரையம்பதி அக்கா ஒராள் கடைக்கு வந்து, ஒண்டும் கதைக்காம, மதில் வேலைக்கு எண்டு அட்வான்ஸ வச்சிட்டுப் போனவ. காத்தான்குடி நானா போன் எடுத்து "நீங்க உங்கட வேலையப் பாருங்க தம்பி" எண்டார். மிச்சம் நன்றி, வேற என்ன சொல்ல.

அந்த அண்ணன் இத வாசிச்சா, கோபத்த வச்சிக்கொண்டு இரிக்காம ஒருக்கா கடைப் பக்கம் வாங்க, பிளேன்டி குடிச்சுக் கதைப்பம். கடல் பக்க மூலையில கழண்டு நிக்கிற அந்த ரெண்டு போர்ட்டையும் வாற கிழமை ஆள் அனுப்பி காசில்லாம அடிச்சுத் தாறன். அது காத்துக்குத்தான் கழண்டது.

இப்பிடிக்கு,
உங்கட கடைக்காரத் தம்பி,
கல்லடி