படத்தில் மீனுக்கு வயதே இல்லை

அன்பு மகளுக்கு,

நீ வகுப்புக்காக வரைந்த உணவுச் சங்கிலிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாசியிலிருந்து கோபிபாட் என்னும் பொடி ஓட்டுயிரிகளுக்கு ஒரு அம்பு, அங்கிருந்து ஹெரிங் மீனுக்கு, ஹெரிங்கிலிருந்து காட் மீனுக்கு. கோடெல்லாம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் மீனின் செவிக்கல்லை, அதாவது உட்காதில் இருக்கும் சின்னச் சுண்ணாம்புக் கல்லை, தேய்த்தே காலம் தள்ளியவளிடம் கருத்துக் கேட்டால், 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவேனா? உன் படத்தில் எந்த மீனுக்கும் வயதே இல்லை. பிறக்கும்போதே வளர்ந்து நிற்கின்றன.

நிலத்தில் இது பெரிய குறையில்லை. பால் மறந்த கன்று, தாய் மேய்கிற புல்லையேதான் மேய்கிறது. கடலில் அப்படி நடக்காது. முட்டையிலிருந்து வெளிவரும் காட் குஞ்சின் நீளம் நான்கைந்து மில்லிமீட்டர். கொண்டுவந்த மஞ்சள் கரு சில நாட்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்ததும் தானே வாய் திறந்து பிடித்தாக வேண்டும். வாயோ கோபிபாட்டின் குஞ்சுகள் நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். பின்னால் ஒரு மீட்டரைத் தாண்டி வளர்ந்து ஹெரிங்கை விழுங்கப் போகிற இதே காட், முட்டையாகவும் குஞ்சாகவும் இருக்கும்போது ஹெரிங்குக்கு இரையாகிறது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பது சரிதான். ஆனால் எது பெரிது என்பது, எந்த வயதில் சந்தித்துக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. ஹெரிங்குக்கும் காட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் அம்பு போட வேண்டும்.

அதனால்தான் கடலில் வளர்வதே ஒரு தற்காப்பு. மெதுவாக வளரும் குஞ்சு அதிக நாள் சின்னதாகவே இருக்கும், அதிக வாய்களுக்குப் பொருந்தும். ஒரு பெரிய பெண் காட் லட்சக்கணக்கில் முட்டையிட்டும் கடல் காட் மீனால் நிரம்பிவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். நார்வேயைச் சேர்ந்த மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் 1914இலேயே ஒரு கருத்தை முன்வைத்தார்: மஞ்சள் கரு தீரும் நாட்களில் இரை கிடைத்ததா இல்லையா என்பதே அந்த வருடத்துக் குஞ்சுகளின் கதியைத் தீர்மானிக்கக்கூடும். பிறகு டேவிட் குஷிங் என்ற இன்னொரு மீன்வள ஆய்வாளர் அதை விரித்தார். மீன்கள் முட்டையிடும் காலம் அதிகம் மாறுவதில்லை. வசந்தத்தில் பாசி பெருகும் நாளோ முன்பின்னாகும். இரண்டும் கூடிவந்தால் நல்ல வருடம். எல்லா வருடத்தையும் இது விளக்கிவிடாது, ஆனாலும் தள்ளிவிட முடியாத யோசனை.

இதையெல்லாம் செவிக்கல்லிலேயே பார்க்கலாம். குஞ்சின் செவிக்கல் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கொஞ்சம் வளர்ந்த மீனுடையதைக் கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்து ஒட்டி, ஈரமான உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஒரு தேய்ப்பு கூடினால் நடுப்பகுதியே போய்விடும், அப்புறம் திட்டிக்கொண்டே அடுத்த கல்லை எடுக்க வேண்டியதுதான். சரியாக அமைந்தால், நுண்ணோக்கியில் நடுவே ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வெளுப்பும் கறுப்புமாக வளையங்களும் தெரியும். நாளுக்கு ஒரு வளையம். 1971இல் ஜார்ஜியோ பனெல்லா இதை வெளியிட்ட பிறகுதான் குஞ்சு மீனின் வயதை நாள் கணக்கில் சொல்ல முடிந்தது. நன்றாகத் தின்று வளர்ந்த நாட்களில் வளையம் அகலமாக இருக்கும், பட்டினி நாட்களில் நெருங்கிவிடும். பிழைத்து வளர்ந்த மீன்களின் கல்லில் ஆரம்ப வளையங்கள் பெரும்பாலும் அகலமாகவே இருக்கின்றன. மெதுவாக வளர்ந்தவை நம் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ வயிற்றில் போய்விட்டன.

கிரில் என்னும் இறால் போன்ற சின்னக் கடலுயிரியிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்குச் செவிக்கல் கிடையாது, ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளர்கிறது. அன்டார்டிக் கிரில் பட்டினி கிடந்தால் அடுத்த ஓட்டை முன்னதைவிடச் சிறியதாகவே போட்டுக்கொள்ளும், அதாவது உடம்பே சுருங்கும். நீளத்தை வைத்து வயது சொல்லப் போனால் ஏமாந்துவிடுவோம். எனக்கு மிகவும் பிடித்த பிராணி அதுதான்.

நீலத் திமிங்கிலம் ஏன் இவ்வளவு பொடிசான கிரில்லைத் தின்கிறது என்று கேட்டிருந்தாய். ஒரு படியில் தின்றதில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்கு உடம்பாகச் சேரும். மற்றது மூச்சுக்கும் நீச்சலுக்கும் கழிவுக்கும் போய்விடும். பாசி ஆயிரம் கிலோ என்றால் கோபிபாட் நூறு, சின்ன மீன் பத்து, அதைத் தின்னும் சூரை ஒன்று. பாசிக்கும் திமிங்கிலத்துக்கும் நடுவே கிரில் ஒன்றே இருப்பதால் இழப்பும் ஒரு படி குறைகிறது. அந்தக் கிரில்லிலிருந்து வந்த பாலைக் குடித்துத்தான் அதன் குட்டி நாளுக்குச் சுமார் 90 கிலோ எடை கூடுகிறது.

சரி, படத்தை மாற்று. காட் மீனை மூன்று இடத்தில் வரை: குஞ்சாக, இளசாக, பெரிதாக. அம்புகள் குறுக்கும் நெடுக்குமாகி வலை போல ஆகிவிடும், ஆகட்டும். இளசிலிருந்து பெரிய காட் மீனுக்கும் ஒரு அம்பு உண்டு. பெரியவை தம் இனத்து இளசுகளையே தின்னும். அந்த அம்பை மட்டும் நீ போடாமல் விட்டு, பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல். வகுப்பில் நல்ல சத்தம் வரும்.

அன்புடன்,
அம்மா