பின்னிடைவு வளையக் கருவி பிழையாக இயங்குவது தொடர்பாக

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

உங்களிடம் வாங்கிய காந்தப் பின்னிடைவு வளையக் கருவியை, அதாவது காந்தமாக்கும் புலத்துக்குப் பின்தங்கி இரும்பின் காந்தத்தன்மை மாறுவதைத் திரையில் வளையமாகக் காட்டும் கருவியை, வைத்து எங்கள் மாணவருக்கு ஒரு செய்முறைகூட ஒழுங்காகச் செய்துகாட்ட முடியவில்லை. மெல்லிரும்புக் கோலைப் போட்டாலும் உருக்குக் கோலைப் போட்டாலும், இரும்பு இனிமேலும் காந்தமாக முடியாத நிரம்பல் நிலையில் தட்டையாக வேண்டிய வளைய முனைகள் கூர்த்து நிற்கின்றன. நடுப்பகுதி உப்பிக் கிடக்கிறது.

தொலைபேசியில் பேசிய உங்கள் தொழில்நுட்பத் தம்பி, "உங்கட ஸ்கோப்பிலதான் பிழை, சேர்" என்று முடித்துவிட்டார். அதே ஸ்கோப்பில் (அலைவுகாட்டியில்) மற்றச் செய்முறைகள் எல்லாம் நன்றாகவே நடக்கின்றன. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று கோலை எடுத்துவிட்டு வெறுஞ்சுருளோடு இயக்கினேன். காற்றுக்கு ஏது பின்னிடைவு? திரையில் சாய்ந்த நேர்கோடுதான் வரவேண்டும். வந்தது முட்டை வடிவம். கோலே இல்லாமல் வளையம் காட்டும் கருவி, கோலை வைத்ததும் காட்டுவதை எப்படி நம்புவது?

காரணம் கண்ணாடி மூடியின் ஊடாகவே தெரிகிறது. துணைச்சுருளில் எழும் மின்னழுத்தம் காந்தப் பாய அடர்த்தி மாறும் வீதத்தைத்தான் தரும். அதைத் தொகையிட்டால்தான் அடர்த்தி கிடைக்கும். இதற்காக 100 கிலோ ஓம் தடையும் 1 மைக்ரோபரட் கொள்ளளவியும் போட்டிருப்பதாக உங்கள் கைந்நூல் சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் வரும் நேரமாறிலி 0.1 செக்கன். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு வட்டம் 0.02 செக்கன்தான்; நேரமாறிலி அதைவிட நன்றாக நீண்டிருப்பதால் தொகையிட அது போதும். ஆனால் பலகையில் இருக்கும் கொள்ளளவியில் 103 என்று அச்சிட்டிருக்கிறது. 10க்குப் பின் மூன்று பூச்சியம் போட்ட பிக்கோபரட், அதாவது 0.01 மைக்ரோபரட். இருக்கவேண்டியது 105. நேரமாறிலி 1 மில்லிசெக்கனுக்கு இறங்கியபின் அந்தச் சுற்று எதைத் தொகையிடும்?

புறக்கோட்டையில் ஒரு கொள்ளளவி வாங்கிப் பற்றவைக்க எனக்கும் தெரியும். முத்திரையைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று பற்றுச்சீட்டில் எழுதியிருப்பது நீங்கள்தான். அப்புறம், சுருள்களில் எத்தனை முறுக்கு என்பது கைந்நூலிலும் இல்லை, சுருளிலும் இல்லை. அது தெரியாவிட்டால் திரையில் படம் பார்க்கலாமே தவிர, வளையத்தின் பரப்பிலிருந்து சக்தி இழப்பைக் கணிக்க முடியாது. நிலைமாற்றியின் அகணிக்கு (சுருள்களுக்கு உள்ளே இருக்கும் இரும்புக்கு) உருக்குக் கோல் ஏன் உதவாது என்பதை மாணவர் எண்களில் காணத்தானே இவ்வளவு பணம் கொடுத்தோம்?

ஆகவே சரியான கொள்ளளவி போட்ட வேறு கருவியை, முறுக்கு எண்ணிக்கையும் கோல்களின் குறுக்குவெட்டுப் பரப்பும் எழுதிய தாளோடு, இம்மாத முடிவுக்குள் தாருங்கள். எங்கள் ஆய்வுகூடத்திலேயே வெறுஞ்சுருளில் நேர்கோட்டைக் காட்டியபின்தான் கையொப்பமிடுவேன். இயலாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் இக்கடிதத்தின் பிரதி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும்.

இப்படிக்கு,
ஆய்வுகூடப் பொறுப்பாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, வெறுஞ்சுருளோடு எடுத்த திரைப் புகைப்படம்